பகல் நடைக்குப் போனாலும் இருட்டுக்கும் சேர்த்துப் பை கட்டுங்கள்

மாசாய் – வார இறுதியில் மலையேறப் புறப்படும் குழுக்களின் வாட்சாப்பில் முதல் நாள் இரவு தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. “நாளைக்கு என்னென்ன எடுத்து வரணும்?” பெரும்பாலும் வரும் பதில்: “தண்ணியும் ரொட்டியும் போதும், மத்தியானத்துக்குள்ள இறங்கிடுவோம்.”

எல்லாம் நினைத்தபடி நடந்தால் அந்தப் பதில் சரிதான். காலை 7 மணிக்கு ஏறி, உச்சியில் படம் எடுத்து, நண்பகலில் இறங்கி, திரும்பும் வழியில் சாப்பிட்டு வீடு வந்து சேரலாம். அப்படிப்பட்ட நாளில் முதுகுப் பையே தேவைப்படாது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகும் நாளிலும், பாதை தவறும் நாளிலும், மதியம் 2 மணிக்கு வானம் இருண்டு மழை கொட்டும் நாளிலும்தான் பையில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஆகவே பகல் நடைக்கான பையைத் திட்டமிட்ட நான்கு மணி நேரத்துக்காகக் கட்டக்கூடாது. திட்டமிடாத ஓர் இரவுக்காகக் கட்ட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. உயிரைக் காக்கும் பொருள்களில் பல மலிவானவை. அவற்றில் சில, நம் தாத்தா பாட்டிகள் பால்வெட்டுக்குப் போகும்போது கொண்டு சென்றவையே.

எந்த மலை, எவ்வளவு நேரம்

பையில் என்ன வைப்பது என்பதை முதலில் மலைதான் முடிவு செய்கிறது. மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்திலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய மலைகள் ஜொகூரில் பல உள்ளன. குளுவாங் நகரை ஒட்டியிருக்கும் குனோங் லம்பாக் 510 மீட்டர் உயரம். கூலாய், பொந்தியான் பக்கமுள்ள குனோங் பூலாய் 654 மீட்டர். கோத்தா திங்கி பக்கம் பந்தியும் முந்தாஹாக்கும் இருக்கின்றன. குளுவாங்கின் குனோங் பெலுமுட் 1,010 மீட்டர். தங்காக் அருகே சாகில் வழியாக ஏறும் குனோங் லேடாங் 1,276 மீட்டர்.

லம்பாக்கில் அரை நாளில் ஏறி இறங்கியவர், அதே பையோடு லேடாங்குக்குப் போனால் சிரமப்படுவார். லேடாங் பெரும்பாலானவர்களின் முழுப் பகலையும் எடுத்துக்கொள்ளும். ஏணியும் கயிறும் பிடித்து ஏறும் இடங்களும் அங்கு உண்டு. போகும் பாதைக்கு வழக்கமாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதன்முறை ஏறுபவர், பெரியவர், பிள்ளைகள் உடன் வந்தால் அந்த நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மொத்த நேரத்துக்குத்தான் தண்ணீரும் உணவும் கணக்கிட வேண்டும்.

முதல் பொருள்: விளக்கு

பகல் நடைக்கு விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜொகூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6.50க்கும் 7.20க்கும் இடையில் மறைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மறைந்த பிறகு அந்தி வெளிச்சம் இருபது நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டிவிடும். மழை மேகம் சூழ்ந்தால் மாலை 6 மணிக்கே வேரும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது.

கைத்தொலைபேசியில் விளக்கு இருக்கிறதே என்று நினைப்பது ஆபத்து. அதே கைத்தொலைபேசிதான் உதவிக்கு அழைக்கவும் வேண்டும். அதன் மின்கலத்தை வெளிச்சத்துக்குச் செலவழித்துவிட்டால் இரண்டும் போய்விடும். ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சறுக்கும் மண்ணில் இறங்குவதும் முடியாத காரியம்.

தோட்டத்தில் பொழுது விடியுமுன் பால் வெட்டியவர்கள் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மலையேறுபவருக்கும் அதே தலைவிளக்குதான் ஏற்றது. ஆளுக்கொன்று இருக்க வேண்டும், கூடவே மாற்று மின்கலமும் வேண்டும். முதல் நாள் இரவே எரியவிட்டுப் பார்த்து வையுங்கள்.

தண்ணீரும் உப்பும்

நம் காட்டின் வெப்பத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிராது, வியர்வை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. நான்கைந்து மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். இரண்டரை லிட்டர் என்றால் இரண்டரை கிலோ எடை. பையில் மிகவும் கனமான பொருள் இதுதான். கனமாக இருக்கிறதென்று முதலில் குறைக்கப்படுவதும் இதுதான். அப்படிக் குறைக்கக்கூடாது.

பல மணி நேரம் வியர்க்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காரவைத்து, அதைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வியர்வை நின்றுபோய், உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே நனைத்து விசிறி, 999க்கு அழைக்க வேண்டும்.

சப்பாத்தும் உடையும்

விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து இருந்தால்தான் போக முடியும் என்பதில்லை. தோட்டத்தில் எல்லாரும் அறிந்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படுவது, இன்றும் பல மலையேறிகளின் காலில் இருக்கிறது. அந்தப் பிரபல நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழுவதும் ரப்பரால் ஆன இந்தச் சப்பாத்தின் அடியில் இருக்கும் முட்கள் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். ஆற்றில் நனைந்தாலும் ஊறிக் கனக்காது. விலையும் இருபது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். குறை என்னவென்றால் கணுக்காலுக்குப் பிடிமானம் கிடையாது, அடிப்பகுதி மெல்லியது. தடித்த நீளக் காலுறையோடு போட வேண்டும். கணுக்கால் ஏற்கெனவே பிசகியவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் இது ஏற்றதல்ல.

எந்தச் சப்பாத்தானாலும் ஒரு விதி உண்டு. புதுச் சப்பாத்தை முதன்முதலாக மலையில் போடாதீர்கள். தாமான் பூங்காவில் சில நாள் நடந்து பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டு போகவேண்டும். அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த சப்பாத்தின் அடிப்பகுதி, பசை விட்டு நடுவழியில் கழன்று விழுவதும் உண்டு.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனத்து, தொடையை உரசிப் புண்ணாக்கும். பருத்திச் சட்டை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு உச்சிக் காற்றில் அது உடலைக் குளிரச் செய்துவிடும். பந்து விளையாட்டுக்குப் போடும் ஜெர்சி சீக்கிரம் காய்ந்துவிடும், அதுவே போதும். முழுக்கால் சட்டையும் முழுக்கை உடையும் முள், பூச்சி, வெயில் மூன்றிலிருந்தும் காக்கும். ஒரு மாற்றுச் சட்டையை நெகிழிப் பையில் சுற்றி, பையின் அடியில் வைத்துவிடுங்கள்.

மழையும் ஆறும்

ஜொகூர் மலைகளில் மழையை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு 2001 டிசம்பர் மாதமே சாட்சி. அந்த மாதம் 27ஆம் தேதி ‘வாமேய்’ புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்தப் பேய் மழையில் குனோங் பூலாயில் மண் சரிந்து வெள்ளம் பாய்ந்தது. ஐந்து பேர் உயிரிழந்தனர். பொழுதுபோக்கு வனம் பல ஆண்டுகள் மூடப்பட்டது.

2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடா, குனோங் ஜெராயில் பெய்த கனமழை, அடிவாரத்தில் உள்ள யான் வட்டாரத்தில் ‘கெபாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்காக இறங்கியது. ஆறு பேர் பலியானார்கள். நீர்ப்பெருக்கின் கொடுமையே, நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாதபோதும் அது வரும் என்பதுதான். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, சாமான்களை விட்டுவிட்டு உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே பெருக்கெடுத்த ஓடையைக் கடக்க முயலக்கூடாது. நீர் வடியும்வரை மேட்டில் காத்திருப்பதே பாதுகாப்பு. அந்தக் காத்திருப்புக்குத்தான் விளக்கும் மாற்றுச் சட்டையும் மிச்ச உணவும்.

புறப்படுமுன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். மற்ற மாதங்களிலும் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். காலையில் சீக்கிரம் ஏறச் சொல்வது இதனால்தான். இடி கேட்டால் உச்சியிலும் திறந்த பாறையிலும் நிற்காதீர்கள்.

பையில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மழை அங்கி. மற்றொன்று பெரிய கறுப்புக் குப்பைப் பை. சில காசு விலையுள்ள அந்தப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் அவசர மழைச்சட்டை. உள்ளே காலை விட்டு உட்கார்ந்தால் குளிர் காக்கும் போர்வை. முதுகுப் பைக்குள் விரித்து வைத்தால் சாமான் நனையாது. எதுவும் ஆகாத நாளில் குப்பையைக் கட்டி இறக்கலாம்.

கெட்டுப்போகாத சாப்பாடு

நாசி லெமாக் பொட்டலம் வாங்குவது சுலபம். ஆனால் தேங்காய்ப் பால் சேர்த்த உணவு, வெயிலில் மூடிய பைக்குள் சில மணி நேரத்தில் கெட்டுவிடலாம். அதைக் காலையில் ஏறுமுன்பே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது. மேலே கொண்டுபோக நம் வீட்டுப் புளிச்சோறு தாங்கும். சப்பாத்தி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாம் ஏற்றவை. வறுத்து உப்பிட்ட கச்சாங் பூத்தே, போன உப்பையும் சத்தையும் ஒன்றாகத் தரும்.

திட்டமிட்டதைவிட ஒரு வேளை உணவு கூடுதலாக இருக்கட்டும். உணவை நெகிழிப் பையில் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் குரங்குகள் பறித்துவிடும். பைக்குள் வைத்து மூடுங்கள். சாப்பிட்ட பிறகு உறை, புட்டி, தோல் எல்லாம் உங்களோடு கீழே இறங்க வேண்டும்.

மருந்துப் பையும் சர்க்கரை நோயும்

குழுவுக்கு ஒரு மருந்துப் பை போதும். ஒட்டும் கட்டு, துணிக் கட்டு, பிசகிய காலைச் சுற்றும் இழுவைக் கட்டு, கிருமிநாசினி, சிறு கத்தரி, காய்ச்சல் மாத்திரை இருந்தால் சரி. ஆனால் அவரவர் அன்றாடம் சாப்பிடும் மருந்தை அவரவர்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் உறிஞ்சியைக் காரில் விட்டுவிட்டு ஏறக்கூடாது.

நம் சமூகம் தனியாகக் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோய். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போது இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். எடையைக் குறைக்க, மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று மலைக்கு வருபவர்கள் பலர் இவர்களே. நடப்பது நல்லதுதான். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பல மணி நேரம் ஏறும்போது இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பதற்றம், தடுமாறிய பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். களைப்பு என்று நினைத்து உடன் வருபவர்கள் விட்டுவிடுவதுண்டு.

இவர்களின் சட்டைப் பையிலேயே சர்க்கரை இருக்க வேண்டும். அடையாளம் தெரிந்ததும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ இனிப்புப் பானமோ கொடுத்து, பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இன்சுலின் வெப்பத்தில் கெடும், ஆகவே வெயில் படாமல் பையின் நடுவில் இருக்கட்டும். இறங்கியதும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும். மருந்தின் அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதைக் குழுவில் ஒருவரிடமாவது சொல்லி வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அட்டை, குளவி, கொசு, எலி

அட்டையால் பெரிய ஆபத்து கிடையாது. நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகினாலே பாதி தடுக்கலாம். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாயோரம் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

குளவி அப்படியல்ல. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் விலகுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல் விரைவாக அந்த இடத்தைவிட்டு ஓடுங்கள். கொட்டிய பின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 999.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் காட்டுக் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா இன்னமும் இருக்கிறது. பால்வெட்டுக்காரர்கள் இடுப்பில் கொசுவர்த்தியைக் கட்டிக்கொண்டு போனார்கள். இன்று கொசு விரட்டும் களிம்பு அந்த வேலையைச் செய்கிறது.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலையும் மறக்கக்கூடாது. 2010இல் பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடிய சம்பவத்தைத் தொடர்ந்து, இந்தக் காய்ச்சல் உள்ளிட்ட தொற்றுகளால் எட்டுப் பேர் இறந்தார்கள். காலில் புண் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு மூடுங்கள். ஆற்று நீரை அப்படியே குடிக்காதீர்கள். மலைக்குப் போய் வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், “காட்டுக்குப் போயிருந்தேன்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பையில் வைக்க முடியாத பொருள்

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். யார் எந்த நிரையில் வெட்டுகிறார் என்பது பதிவாகியிருக்கும். மலைக்குப் போகும் குழுவுக்கும் அப்படி ஒரு பெரட்டு வேண்டும். எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை பேர், கார் எண், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் 999க்கு அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். எடையே இல்லாத இந்தச் செய்திதான், தேடுபவர்கள் எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

தொலைபேசியில் பாதை வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி பதிவிறக்கி வையுங்கள். அலைவரிசை தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடும். காட்டுக்குள் விமான முறையில் போட்டு வைத்தால் மிச்சமாகும். கூடவே பவர் பேங்க் ஒன்று. கழுத்தில் ஒரு விசில். தொண்டை கட்டிப்போனாலும் விசில் கேட்கும். மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் ஆபத்து என்று பொருள். பாதை தவறிவிட்டது என்று தெரிந்தால் மேலும் நடக்காமல் அங்கேயே இருங்கள்.

அனுமதிச் சீட்டும் பையில் இருக்க வேண்டிய பொருள்தான். 1984 தேசிய வனச் சட்டப்படி மூடப்பட்ட வனக்காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். எந்தப் பாதை திறந்திருக்கிறது, வழிகாட்டி கட்டாயமா என்பதை மாநில வன இலாகாவிடமோ, லேடாங் என்றால் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்திடமோ முன்கூட்டியே கேளுங்கள். தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்த பிறகுதான், அம்மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. விதியைத் தொல்லை என்று நினைப்பவர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலை நினைத்துப் பார்க்கலாம்.

முதல் நாள் இரவுச் சரிபார்ப்பு

அமெரிக்காவின் சியாட்டல் நகர மலையேற்றச் சங்கம் 1930களிலேயே ‘பத்து அத்தியாவசியப் பொருள்கள்’ என்று ஒரு பட்டியலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. பனிமலைக்கு எழுந்த அந்தப் பட்டியலை நம் மழைக்காட்டுக்கு ஏற்ப இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொருவரும் தனித்தனியே எடுக்க வேண்டியவை:
– தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசல்
– தலைவிளக்கு, மாற்று மின்கலம்
– மழை அங்கி, பெரிய குப்பைப் பை
– விசில்
– ஒரு வேளை கூடுதல் உணவு
– மாற்றுச் சட்டை, காலுறை
– சொந்த மருந்து, அடையாள அட்டை
– தொலைபேசி

குழுவுக்குப் பொதுவானவை:
– மருந்துப் பை
– பவர் பேங்க்
– கொசு விரட்டி
– சிறு கத்தி
– வரைபடம், அனுமதிச் சீட்டு

பலரும் விடும் தவறு, தண்ணீரையும் விளக்கையும் பலசாலியான ஒருவர் பையில் மொத்தமாக ஏற்றிவிடுவது. குழு இரண்டாகப் பிரிந்தால் பின்னால் வருபவர்களிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் முதல் பட்டியலைப் பங்கு போடக்கூடாது.

எல்லாம் சேர்த்துப் பெரியவர் ஒருவரின் பை ஐந்து கிலோவைச் சுற்றி இருக்கும். கனமான தண்ணீர் முதுகை ஒட்டி நடுவில், மாற்றுச் சட்டை அடியில், மழை அங்கியும் விளக்கும் கைக்கு எட்டும்படி மேலே. பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குறைத்துப் பெரியவர் சுமக்கலாம். ஆனால் விசிலும் விளக்கும் மழை அங்கியும் அவர்களிடமே இருக்கட்டும்.

கட்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். எங்கே உரசுகிறது, எது தேவையில்லாத சுமை என்பது அப்போது தெரியும். கனம் குறைக்க வேண்டுமென்றால் படம் பிடிக்கும் கருவியையும் கூடுதல் உடையையும் எடுத்து வையுங்கள். விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.